கோல்கீப்பர் முட்டை தின்னலாமா?

எங்கள் வட்டாரத்து மாநகராட்சி விளையாட்டு வளாகத்தில் நீச்சல் குளம் இருக்கிறது, பாட்மின்டன் கூடம் இருக்கிறது, வயதானவர்கள் நடக்கப் பாதை இருக்கிறது, சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் இருக்கிறது. சமமான தரை மட்டும்தான் இல்லை. நவராத்திரி பூஜைக்குப் பந்தல் போடுகிறவர்கள் மூங்கில் நட மைதானத்தைத் தோண்டுவார்கள். பூஜை முடிந்ததும் தேவி கங்கைக்குப் போய்விடுவாள், பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், குழிகளை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அந்தக் குழிகளுக்கு நடுவில்தான் ஒரு கால்பந்து கிளப்பின் சின்னப் பிள்ளைகள் பயிற்சி செய்கிறார்கள். பதிமூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் என் மகள் கோல்கீப்பர்.

இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் எனக்கு வயிற்றெரிச்சல்தான். நான் திருநெல்வேலிக்காரி, கல்யாணமாகி இந்த வங்காளத்து ஊருக்கு வந்தவள், பாலிகஞ்சில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. என் வீட்டுக்காரர் தமிழர்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கால்பந்து விஷயத்தில் அவருக்கு ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்றெல்லாம் பேதம் கிடையாது. பந்து உதைக்கத் தெரிந்த பிள்ளை, உதைக்கத் தெரியாத பிள்ளை என்று உலகத்தில் இரண்டே வகை. மகளைக் கிளப்பில் சேர்த்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார்.

"ஆடுததுதான் ஆடுத, முன்னால நின்னு கோல் போடக்கூடாதா? எதுக்குட்டி இந்த வாட்ச்மேன் வேலை?" என்று கேட்டேன்.

"அம்மா, துமி கிச்சு போஜோ நா" என்றாள்.

உனக்கு ஒரு மண்ணும் புரியாது என்பதை வங்காளத்தில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்பது அவள் எண்ணம். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் மறந்துபோகும், எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

கோட்டுக்கு வெளியே ஒரு நீளமான சிமென்ட் பெஞ்சு உண்டு. அது அம்மாக்களின் இடம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இன்னாருடைய மா, அவ்வளவுதான். அணியில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர் என்பதால் நானும் இன்னொருத்தியும் கீப்பரின் மா ஆகிவிட்டோம். அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். குரல் உயர்த்தத் தெரியாதவள். அந்தப் பள்ளியில் எப்படிக் காலம் தள்ளுகிறாளோ தெரியாது. எங்கள் பெண்கள் இரண்டும் உயிர்த் தோழிகள். ஒரே கோலில் மாறி மாறி நின்று பயிற்சி செய்து, ஒரே தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்து, ஒருத்திக்குச் சளி பிடித்தால் மற்றவளுக்கும் பிடிக்கும். டீச்சரும் நானும் ஒரு ஃப்ளாஸ்க் டீயைப் பகிர்ந்துகொள்வோம். பெஞ்சில் பேச்செல்லாம் வங்காளம்தான். இங்கே அதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

பெஞ்சுக்கென்று சட்டங்கள் உண்டு. முதல் சட்டம் முட்டை பற்றியது. பயிற்சி முடிந்தால் கிளப்பில் ரொட்டி, வாழைப்பழம், அவித்த முட்டை என்று பிள்ளைகளுக்கு டிபன் கொடுப்பார்கள். ஆனால் ஆட்டம் இருக்கிற நாளில், ஆடி முடிக்கும் வரை எந்தப் பிள்ளையும் முட்டையைத் தொடக்கூடாது. பரீட்சை நாளில் முட்டை தின்றால் பூஜ்யம் மார்க் வரும் என்று இங்கே வீட்டுக்கு வீடு நம்புவார்கள். நம் ஊரிலும் வாத்தியார்கள் "முட்டை வாங்கிட்டு வந்திருக்கான்" என்று திட்டுவார்கள்தான், அதற்காக யாரும் ஆம்லெட்டை நிறுத்தினதாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே நிறுத்துவார்கள். பரீட்சைக்குப் பொருந்துவது பந்துக்கும் பொருந்தும் என்று பெஞ்சு முடிவு செய்திருந்தது. முட்டை தின்றால் கோல் விழாது.

எனக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. எங்கள் வீடு சைவம். அப்பாவும் மகளும் சாயங்காலம் வெளியே போய் என்ன முட்டை ரோல் தின்றுவிட்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், தெரியாது.

குளிர் ஆரம்பிக்கிற நேரத்தில் கோச் ஒரு செய்தி சொன்னாள். அவளும் முன்னாள் ஆட்டக்காரிதான், பிள்ளைகள் தீதி என்று கூப்பிடுவார்கள், இங்கே எந்த அக்காவும் தீதிதான். வாயைத் திறப்பதைவிட விசிலை ஊதுவதுதான் அதிகம். சிலிகுரியில் ஒரு போட்டி. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். அதனால் சின்ன அணிதான் போகிறது, ஒரே ஒரு கோல்கீப்பர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அணியை இரண்டாகப் பிரித்து ஆடவிடுவாள். பக்கத்துக்கு ஒரு கீப்பர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் யார் ரயில் ஏறுவது என்று சொல்வாள்.

என் மகள் அதற்கப்புறம் மனுஷியாக இல்லை. அப்பா அம்மா இல்லாமல் அவள் ரயில் ஏறினதே கிடையாது. ஜன்னலில் மலை தெரியுமா, எந்த இடத்தில் தெரிய ஆரம்பிக்கும், தூங்கிவிட்டால் யார் எழுப்புவார்கள் என்று ஒரே நச்சரிப்பு. சாம்பார்க் கரண்டி கையிலிருந்து நழுவினால் பாய்ந்து பிடித்து "சேவ்!" என்பாள். இந்தப் பிள்ளை இவ்வளவு ஆசையாக எதையும் கேட்டதில்லை. கிடைக்காவிட்டால் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அதே ஆசை டீச்சர் மகளுக்கும் இருக்கும் அல்லவா? பெஞ்சில் ஃப்ளாஸ்க் அதேதான், டீ அதேதான், பேச்சுதான் தண்ணியாகிவிட்டது. "இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி" என்பாள். "ஆமா, ஜாஸ்தி" என்பேன். பிறகு இரண்டு பேரும் மைதானத்தைப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை மதியம் வங்கியில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது எனக்குச் சட்டென்று உறைத்தது. அடக் கூறுகெட்ட மனுஷிகளா! முட்டை தின்றால் கோல் விழாது என்றால், கோல் விழாமல் இருக்கத்தானே கோல்கீப்பர் நிற்கிறாள்? ஊரெல்லாம் பூஜ்யத்துக்குப் பயப்படலாம். என் மகளுக்கு வேண்டியதே அதுதானே!

சாயங்காலம் பயிற்சி நேரத்தில் பெஞ்சில் இதைச் சொன்னேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அலிப்பூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு அம்மா, கோல் போடுகிற பெண்ணின் அம்மா, கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினாள்.

"சட்டத்தோட நோக்கம் என்ன? பூஜ்யத்தைத் தடுக்கறது. கீப்பருக்குப் பூஜ்யம் லாபம். அதனால கீப்பருக்குச் சட்டம் பொருந்தாது" என்றாள். உடனே அவளுக்கே ஒரு சந்தேகம். "ஆனா நாளைக்கு ரெண்டு பக்கமும் கீப்பர் இருக்காங்க. ரெண்டு பேரும் முட்டை தின்னா ரெண்டு பக்கமும் பூஜ்யம். அப்புறம் கோச்தான் தனியா சிலிகுரிக்குப் போகணும்."

"என் பொண்ணோட கதி என்ன? அவ கோல் போடணுமே!" என்று இன்னொருத்தி கவலைப்பட்டாள்.

"அவ தின்ன வேண்டாம். அவ்வளவுதான்" என்றாள் வக்கீல்.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவள் ஃப்ளாஸ்க் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள். "எனக்கு இதெல்லாம் பயம் தீதி. இத்தனை நாள் கொடுக்கல, இப்பவும் கொடுக்க மாட்டேன். நீங்க கொடுங்க" என்றாள். சரி, ஒரு முட்டை நமக்கு மட்டும் அனுகூலம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை வளாகத்து வாசலில் இருக்கும் டீக்கடையில், என் ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு அவித்த முட்டை வாங்கினேன். கடைக்காரர் உரித்துத் தருகிறேன் என்றார். எனக்கு ரோஷம். உருளைக்கிழங்கு உரிக்கிறவளுக்கு இது என்ன பிரமாதம் என்று நானே உரித்தேன். பாதி வெள்ளை ஓட்டோடு போய்விட்டது, மிச்சம் எலி கொறித்த மாதிரி இருந்தது. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். "தின்னுட்டி, பேசாதே" என்று மிளகு உப்பைத் தூவிக் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காமல் தின்றாள். பழக்கப்பட்ட வாய் என்று தின்ற விதத்திலேயே தெரிந்தது.

நீச்சல் குளத்துச் சுவர்ப் பக்கத்துக் கோலில் என் மகள். எதிர்ப் பக்கம் டீச்சர் மகள். விசில் ஊதிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பந்து என் மகளை நோக்கிப் பறந்து வந்தது. எகிறிப் பிடித்தாள். நான் பெஞ்சிலிருந்து எழுந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு முட்டையைக் காட்டினேன். அவள் பார்த்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்து அவளும் ஒன்று காட்டினாள். அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் பந்தைத் தடுப்பாள், பெஞ்சைப் பார்ப்பாள், நான் முட்டை காட்டுவேன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. டீச்சர் கூடச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பக்கமும் கோல் விழவில்லை, இந்தப் பக்கமும் விழவில்லை. முட்டை தின்னாமலே டீச்சர் மகளும் எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடியப் போகிறது என்று கோச் கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில், வக்கீலின் மகள் என் மகளை நோக்கி ஒரு பந்தை அடித்தாள். பலமான அடி ஒன்றும் இல்லை. என் மகள் இரண்டு கையாலும் தடுத்தாள். பந்து அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்திருந்தால் தீர்ந்தது விஷயம். அவள் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நானும் தயாராக முட்டையை உயர்த்தி நின்றேன்.

வக்கீலின் மகள் ஓடி வந்து பந்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே போய்விட்டது.

"கோஓஓல்!" என்று வக்கீல் எகிறிக் குதித்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தாள். என் கை இன்னும் அப்படியே மேலேதான் இருந்தது.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மகள் சத்தமில்லாமல் அழுதாள். நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "பந்து காலடியில கெடக்குது, என்னட்டி வேடிக்கை பாக்கே?" என்றேன்.

"நாளைக்கு துமி வராதே" என்றாள்.

"நானாட்டி பந்தை உள்ள தள்ளுனேன்? நல்லா இருக்குதே நியாயம்!" நான் போட்ட சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பந்தைப் பாக்கணும்மா. நீ அங்க இருந்தா நான் ஒன்னையத்தான் பாக்கேன்."

கோபத்தில் தமிழ் மறந்துபோகிற பிள்ளை, இதை முழுக்கத் தமிழில் சொன்னாள். என் ஊர்த் தமிழில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் வீடு இருக்கும் லேக் மார்க்கெட் வரும் வரை அவள் ஒரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், நான் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர், "அப்ப நாளைக்கு நான் போய் உக்காரட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டார். "நீயும் வேண்டாம்ப்பா, நீ மூணு பாஷையில கத்துவே" என்று அவருக்கும் தடை விழுந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடை முன்னால் நின்று, "முட்டை வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். நேற்று அது செய்த உபகாரத்துக்கு இன்றைக்கு வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு" என்றாள். பசி.

உரித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை எலி கொறிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் அம்மாக்கள் பெஞ்சுக்குப் போகாமல், சுற்றிக்கொண்டு நீச்சல் குளத்தின் அந்தப் பக்கம் போய், மைதானத்துக்கு முதுகு காட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நடுவில் சுவர். பக்கத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த தாத்தாக்கள் வட்டமாக நின்று கைகளைத் தூக்கி ஹோ ஹோ என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்புக்கு நல்லதாம். அவர்கள் சிரிக்கிற சத்தத்தில் விசில் கூடச் சரியாகக் கேட்கவில்லை. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒருவழியாகச் சிரித்து முடித்துக் கலைந்து போனார்கள். அப்புறம் கேட்டதெல்லாம் சத்தம்தான். பந்தை உதைக்கிற சத்தம். பிள்ளைகள் கத்துகிற சத்தம். "கோ..." என்று வக்கீலின் குரல் கிளம்பும், பாதியில் நின்றுபோகும். விழுந்ததா, விழவில்லையா? யார் தடுத்தாள்? எந்தப் பக்கம்? ஒரு தடவை முழு "கோஓஓல்" கேட்டது. யாருக்கு விழுந்தது என்று தெரியாமல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இசக்கியம்மனை வேண்டிக்கொண்டேன். அவளுக்குக் கால்பந்து தெரியுமோ என்னவோ, எதற்கும் சொல்லி வைத்தேன். எழுந்து சுவர் மேல் எட்டிப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு நொடி. பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மகா கஷ்டமான காரியங்களில் அதுவும் ஒன்று.

பிறகு எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. அந்த அமைதியில் யாரோ ஒருத்தி கை தட்டினாள். ஒரே ஒருத்திதான். அதற்கப்புறம் மொத்தப் பெஞ்சும் தட்டியது. கொஞ்ச நேரத்தில் நீள விசில்.

நான் அசையவில்லை. போய்க் கேட்கத் தைரியம் இல்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு முதலில் வந்தது டீச்சர். தோளில் மகளுடைய பை, கையில் ஃப்ளாஸ்க். கண் சிவந்திருந்தது.

"தீதி, உங்க பொண்ணுதான் போறா" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. "உட்காருங்க டீச்சர்" என்றேன். அவள் உட்காரவில்லை.

"என் பொண்ணு ஒண்ணு விட்டுட்டா. அப்பக்கூட முடிஞ்சு போகல. கடைசியில உங்க பொண்ணு பக்கம் ஒரு பந்து வந்துது பாருங்க, ஓ மா! அவ இந்தப் பக்கம் விழுந்தா. பந்து யாரோ ஒருத்தி முழங்கால்ல பட்டு அந்தப் பக்கம் திரும்பிருச்சு. விழட்டும், விழட்டும்னு நான் வேண்டிக்கிட்டேன் தீதி, பொய் சொல்ல மாட்டேன். உங்க பொண்ணு விழுந்த எடத்துலேர்ந்தே காலை நீட்டினா. பூட் நுனியில பட்டு வெளியே போச்சு. நான்தான் முதல்ல கை தட்டினேன். என் பொண்ணு போக முடியாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனா கை நிக்கல."

அந்த இடத்தில் நான் இருந்து, அவள் மகள் அப்படித் தடுத்திருந்தால், நான் தட்டியிருப்பேனா? மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

இரண்டு பெண்களும் வந்தார்கள். டீச்சர் மகளுக்கு அழுது மூக்கு வீங்கியிருந்தது. என் மகளுக்கு முழங்காலிலிருந்து தலைமுடி வரை மண். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிட்டி தடுத்த?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"பந்து வந்துது. தடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். வாசலில் பானிபூரி விற்கும் புச்காக்காரர் வந்துவிட்டாராம். இரண்டும் கை கோத்துக்கொண்டு ஓடிப்போய்விட்டன.

ஊரே பார்த்திருக்கிறது. வக்கீல் பார்த்தாள், கோச் பார்த்தாள், பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர்கள் எல்லோர் மேலும் எனக்குப் பொறாமையாக வந்தது. கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

அவள் என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தோளிலிருந்த மகளுடைய பையை இறக்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு, பந்து கிளம்பின இடத்திலிருந்து ஆரம்பித்து, கையாலும் காலாலும் காட்டி, ஒன்று விடாமல் மறுபடியும் சொன்னாள்.